பின் ஆக்சில் ட்ரெயின் ப்ளக் அசைய மாட்டேன் என்கிறது – டிரக்கின் கியர் ஆயில் மாற்ற வழி சொல்லுங்கள்

மேட்டுப்பாதை:

வணக்கம். நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய டிரக் ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் இன்ஜின் ஆயிலை மட்டும் ஒழுங்காக மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி), முன் டிஃப்ரென்ஷியல், பின் டிஃப்ரென்ஷியல் (ஆக்சில் நடுவில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர்த் தொகுதி) என்று நான்கிலும் ஆயிலை யாராவது தொட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். ப்ளக்குகளைப் பார்த்தால் பெயின்ட், சேறு, துரு மூன்றும் சேர்ந்து ஒரே கட்டியாக இருக்கின்றன.

பின் ஆக்சிலில் ஆரம்பித்தேன். அடியில் உள்ள, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் ப்ளக்குக்கு 24 மி.மீ. அறுகோணத் தலை. ரிங் ஸ்பானரை மாட்டி, அதில் பைப்பைச் செருகி இழுத்தேன். ப்ளக் அசையவில்லை, ஸ்பானர்தான் வழுக்கியது. இரண்டு முனைகள் லேசாக மழுங்கியிருக்கின்றன. அத்தோடு நிறுத்திவிட்டேன். முன் டிஃப்ரென்ஷியலில் இருப்பது உள்குழி உள்ள ஆலன் வகை, 10 மி.மீ. என்று நினைக்கிறேன். குழி முழுக்கச் சேறு. டிரான்ஸ்ஃபர் கேஸ் அலுமினியம் என்பதால் அதன் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

கையில் இருப்பவை: அரை அங்குல பிரேக்கர் பார் (சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கைப்பிடி), பைப், சாதாரண சாக்கெட் செட், சுத்தியல், ஒரு ஹீட் கன். வெல்டிங் தெரியாது. இன்னும் நீளமான பைப் போட்டுப் பார்க்கட்டுமா?

பட்டறைவாசி:

தம்பி, பைப்பை ஓரமாக வையுங்கள். மேலே இருக்கிற, ஆயில் ஊற்றும் ஃபில்லர் ப்ளக்கைத் திறந்து பார்த்தீர்களா?

எந்த ஹவுசிங்காக (கியர்களை மூடியிருக்கும் உலோகக் கூடு) இருந்தாலும் ஃபில்லர் கழன்ற பிறகுதான் ட்ரெயினைத் தொட வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, அப்புறம் ஃபில்லர் திறக்கவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயில் இல்லாத டிஃப்ரென்ஷியலோடு அடுத்த தெருவுக்குக்கூட ஓட்டக் கூடாது. பழைய ஆயில் உள்ளே இருக்கிற வரையில் உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை, நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ட்ரெயின் கழலாமல் ஃபில்லர் மட்டும் திறந்தால்கூட ஆயிலை உறிஞ்சி எடுக்க வழி இருக்கிறது.

இன்னொன்று, திசை. கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ப்ளக்கின் தலை நம் முகத்துக்கு நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். வண்டிக்கு வெளியே குந்தியபடி, தலையைப் பார்க்காமல் கையை உள்ளே நீட்டி இழுப்பவர்கள் பலர் பலம் போட்டு இறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

வண்டி எப்படி நிற்கிறது? ஜாக்கியில் மட்டும் என்றால் உடனே வெளியே வாருங்கள். நாம் பிரேக்கர் பாரை இழுக்கும்போது வண்டியையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே உள்ளே புக இடம் இருந்தால் தூக்கவே வேண்டாம். சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இரும்புக்கை:

இதற்கு ஏன் இத்தனை யோசனை? இம்பாக்ட் கன்னை (தட்டித் தட்டித் திருப்பும் கருவி) இரவல் வாங்கி ஒரே அழுத்து. கழன்றுவிடும். நான் எல்லா ப்ளக்கையும் அப்படித்தான் எடுக்கிறேன்.

கடைசல்காரி:

இரும்புக்கை சொல்வதில் பாதி சரி. இம்பாக்ட்டின் அதிர்வு துருவை உடைக்கும், உண்மைதான். ஆனால் சாக்கெட் தலையைச் சரியாகப் பிடிக்காமல் அதை அழுத்தினால் மீதி நான்கு முனைகளும் ஒரு நொடியில் போய்விடும். அப்புறம் இந்த உரையாடல் வெல்டிங் பற்றிய உரையாடலாகிவிடும்.

மேட்டுப்பாதை, உங்களிடம் பலம் நிறைய இருக்கிறது, பிடிதான் இல்லை. நீங்கள் போட்ட ரிங் ஸ்பானர் அநேகமாக 12 முனை வகை. அது அறுகோணத்தின் முனையோரத்தை மட்டுமே கவ்வும். 6 முனை சாக்கெட் போடுங்கள், அது முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தட்டையான முகத்தில் அழுத்தும்.

அதோடு முடியவில்லை. அந்தச் சாக்கெட்டின் வாயைத் திருப்பிப் பாருங்கள். உள்விளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பார்கள், நட்டின் மேல் தடவித் தேடாமல் சட்டென்று உட்காருவதற்காக. உயரமான நட்டுக்கு அதனால் நஷ்டமில்லை. ட்ரெயின் ப்ளக்கின் தலையோ குட்டை. தலை 6 மி.மீ. உயரமும் சரிவு 2 மி.மீ. ஆழமும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு பிடி அங்கேயே போயிற்று. போதாததற்குத் தலையின் அடியில் பெயின்ட் கட்டி நின்றால் சாக்கெட் கடைசிவரை ஏறாது, இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் மொத்தப் பலமும் தலையின் மேல் விளிம்பில் விழுகிறது. மழுங்கியது அதனால்தான்.

அதனால், மலிவான 24 மி.மீ. 6 முனை சாக்கெட் ஒன்றை எடுத்து, அந்தச் சரிவு மறையும்வரை வாயை கிரைண்டரில் தட்டையாகத் தேயுங்கள். அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள். உலோகம் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். ப்ளக்கின் தலையைச் சுற்றிப் பழைய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, தலை ஹவுசிங்கைத் தொடும் கோடு கண்ணுக்குத் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். பாரை நேரடியாகச் சாக்கெட்டில் மாட்டுங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன், வளையும் ஜாயின்ட் எதுவும் வேண்டாம். ஒரு கை சாக்கெட்டின் முதுகை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கட்டும், மறு கை இழுக்கட்டும்.

24 மி.மீ. சாக்கெட் இப்போதே லொடலொடவென்று ஆடுகிறதா? 15/16 அங்குலச் சாக்கெட் கிடைத்தால் முயன்று பாருங்கள். அது கணக்குக்கு 23.8 மி.மீ. மழுங்கிய தலையில் அடித்து ஏற்றினால் இறுக்கமாக உட்காரும்.

நாலுகால்:

கொசுறாக ஒன்று. பளபளவென்று குரோம் பூசிய சாதாரண சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் போட வேண்டாம். அது வெடித்துச் சில்லுகள் முகத்துக்கு வரும். கறுப்பாக இருக்கும் இம்பாக்ட் சாக்கெட்தான் அதற்கு. கீழே படுத்தபடி வேலை செய்வதால் கண்ணாடி கட்டாயம். துருத்தூள் நேராகக் கண்ணில்தான் கொட்டும்.

மேட்டுப்பாதை:

அக்கா, சாக்கெட்டைத் தேய்த்ததும் வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. முன்பு ஆடிக்கொண்டிருந்தது, இப்போது தலையைக் கவ்விக்கொண்டு விழாமல் தொங்குகிறது. பட்டறைவாசி அண்ணன் சொன்னபடி முதலில் ஃபில்லரில் போட்டேன். பைப் இல்லாமலே 'டக்'கென்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது! விரலை விட்டுப் பார்த்தேன், ஆயில் இருக்கிறது. கன்னங்கரேல், நாற்றம் சொல்லி மாளாது.

அடியில் உள்ள ட்ரெயின் மட்டும் இன்னும் அப்படியே. சாக்கெட் வழுக்கவில்லை, பார்தான் வளைகிறது. டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். பலன் இல்லை.

பட்டறைவாசி:

ஃபில்லர் வந்துவிட்டது அல்லவா, இனி கவலை இல்லை.

டபிள்யூடி-40-இன் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது, டபிள்யூடி என்றால் 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்'. அது ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை. துரு இறங்கிய மரைக்கென்றே விற்கிற பெனிட்ரேட்டிங் ஆயில் அதைவிட ஆழமாகப் போகும். சிலர் அசிட்டோனும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊற்றுகிறார்கள். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் ப்ளக்கில் எதை ஊற்றினாலும் பலன் குறைவுதான். தலைக்கு அடியில் வாஷர் இருக்கிறது. உள்ளிருந்து ஆயில் வெளியே வராமல் தடுப்பதுதான் அதன் வேலை, அதே வாஷர் வெளியிலிருந்து நீங்கள் ஊற்றுவதையும் மரைக்குள் விடாது. உள்பக்கம் மரை ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது, அங்கே துரு இருக்காது. பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தலையின் அடிமுகமும் வாஷரும்தான். அதற்கு அடிதான் மருந்து.

தலையின் நடுவில் கனமான கம்பியையோ பழைய போல்ட்டையோ நேராக வைத்து, சுத்தியலால் ஓங்கி நாலைந்து அடி கொடுங்கள். அடி ப்ளக்கின் அச்சுக்கு நேராக உள்நோக்கிப் போக வேண்டும், முனைகளில் படக் கூடாது. பிறகு முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு வெட்டு (சட்டென்று ஒரு இழுப்பு), அப்புறம் கழற்றும் பக்கம். ஒரு நூல் அசைந்தால் போதும். உங்களுடையது வார்ப்பிரும்பு ஹவுசிங், இந்த அடியைத் தாங்கும். இதையே அலுமினிய டிரான்ஸ்ஃபர் கேஸில் செய்யாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

பாரை இழுக்கும்போது மெதுவாக வளையவிட்டுத் தொங்காமல், சுருக்கமாக வெட்டி இழுங்கள். இரும்புக்கையின் இம்பாக்ட்டுக்கும் இப்போது நேரம் வந்துவிட்டது, சாக்கெட் சரியாகப் பிடிக்கிறது அல்லவா.

இரும்புக்கை:

நான் முதலிலேயே சொன்னேன் :)

தீப்பந்தம்:

சூடு காட்டுங்கள் சார். டார்ச்சை எடுத்துப் ப்ளக் சிவக்கும்வரை காட்டினால் வெண்ணெய் மாதிரி வரும்.

வெப்பமானி:

சிவக்கும்வரையா! உள்ளே இரண்டு மூன்று லிட்டர் ஆயில் இருக்கிறது. கியர் ஆயில் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளாது, பொதுவாக 200 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வரும். ஆனால் இரும்பு கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க 500 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் ப்ளக்கின் உள்முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆயில் என்ன ஆகும்? ஹவுசிங்கின் உள்காற்று வெளியேறும் பிரீதர் துளை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தமும் ஏறும். பக்கத்திலேயே பிரேக் குழாய், ஒயர், பெட்ரோல் டேங்க். சற்று முன்தான் அவர் பெனிட்ரேட்டிங் ஆயில் வேறு அடித்திருக்கிறார்.

சூடு நல்ல ஆயுதம்தான், எந்த இடத்தில் என்பதுதான் விஷயம். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், இரும்பு சுமார் 12. அதாவது அலுமினிய ஹவுசிங்கில் இரும்புப் ப்ளக் இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினாலும் துளை ப்ளக்கைவிட அதிகம் விரிகிறது. 18 மி.மீ. ப்ளக்குக்கு 100 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் இடைவெளி 0.02 மி.மீ. தலைமுடியின் தடிமனில் கால் பங்கு இருக்கலாம். கேட்கச் சின்னது, ஆனால் பிடிப்பை விட வைக்க அது போதும். அதற்கு டார்ச் தேவையில்லை, ஹீட் கன் போதும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து கழற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும், ஆயிலும் இளகி முழுதாக வடியும்.

வார்ப்பிரும்பில் இரும்புப் ப்ளக் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரியும். அங்கே ப்ளக்கைத் தவிர்த்து, சுற்றியுள்ள ஹவுசிங்கை மட்டும் வேகமாகச் சூடாக்கினால்தான் பயன்.

அலுமினியத்தில் டார்ச் காட்ட நினைப்பவர்களுக்கு: அது சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் உருகும், வெளிச்சத்தில் பார்த்தால் அதுவரை நிறமே மாறாது.

கடைசல்காரி:

பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ கூடவே கூடாது. குளோரின் சேர்ந்த வகை கிளீனர் சூட்டில் சிதைந்தால் ஃபோஸ்ஜீன் வாயு வரும். அது விஷம். டப்பாவில் குளோரின் உள்ள ரசாயனம் எழுதியிருந்தால் சூடு பக்கமே கொண்டு போகாதீர்கள்.

தீப்பந்தம்:

சரி சரி, டார்ச்சைக் கீழே வைத்துவிட்டேன்.

மேட்டுப்பாதை:

பின் ட்ரெயின் கழன்றுவிட்டது! அண்ணன் சொன்னபடி அடி, இறுக்கும் பக்கம் ஒரு வெட்டு, கழற்றும் பக்கம் ஒரு வெட்டு. சத்தம் கேட்டு ப்ளக் உடைந்துவிட்டது என்று பயந்துவிட்டேன். வாஷர் தலையோடு ஒட்டிக்கொண்டே வந்தது, அதன் வெளிவட்டம் முழுக்கத் துரு. மரை புதுசு போலப் பளிச்சென்று இருக்கிறது.

ப்ளக்கின் நுனியில் காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி அப்பியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அடுத்து முன் டிஃப்ரென்ஷியல். ஆலன் குழியைச் சுரண்டிப் பார்த்தேன், அதில் ஏற்கெனவே யாரோ விளையாடியிருக்கிறார்கள். 10 மி.மீ. எல் கீ உள்ளே போனால் சுற்றுகிறது.

நாலுகால்:

பசை மாதிரி என்றால் பயம் இல்லை. பல் தேய்மானத்தின் நுண்தூள் அது, துணியால் வழித்துவிடுங்கள். விரல்களுக்கு நடுவே தேய்க்கும்போது குத்துகிற சில்லு, ஊசி போன்ற துண்டு, பல்லின் மூலை என்று எதுவாவது கிடைத்தால்தான் உள்ளே திறந்து பார்க்க வேண்டும்.

கடைசல்காரி:

ஆலன் குழிக்கு எல் கீ வேண்டவே வேண்டாம். வளைந்த கம்பி, முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். சாக்கெட்டில் மாட்டும் ஆலன் பிட் வாங்குங்கள். நுனி தேய்ந்திருந்தால் கிரைண்டரில் ஒரு மில்லி மீட்டர் வெட்டிவிட்டால் கூரான முனைகள் திரும்பக் கிடைக்கும்.

அதற்கு முன் குழி. சுத்தம் செய்துவிட்டோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அடியில் 2 மி.மீ. சேறு கல்லாக இறுகியிருக்கும். கூரான கொக்கியால் மூலை மூலையாகக் கிளறி, காற்றடித்து, அடியில் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். பிட்டை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். அடிக்கும் சத்தம் மாறும். மந்தமாக இருந்தது 'கிண்' என்று வந்தால் அடிவரை போய்விட்டது. அந்த அடி துருவையும் உலுக்கிவிடும்.

அப்படியும் சுற்றினால், சற்றுப் பெரிய டார்க்ஸ் பிட்டை (ஆறு முனை நட்சத்திர வடிவ பிட்)க் குழிக்குள் அடித்து இறக்குங்கள். அதன் ஆறு கூரும் புதிதாகப் பிடி வெட்டிக்கொள்ளும். பிட் திரும்ப வெளியே வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ப்ளக்கும் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது.

ஹவுசிங் அலுமினியமா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம். ப்ளக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிகிறதா? இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும், அந்தப் பொடி அதுதான். அந்தப் பிடிக்கு முதலில் ஹீட் கன், அப்புறம் அளவான அடி.

ஒற்றைக்கியர்:

இத்தனை பாடு எதற்கு? ஃபில்லர் வழியாகக் குழாய் விட்டுப் பம்ப்பால் உறிஞ்சுங்கள், புது ஆயில் ஊற்றுங்கள், ட்ரெயின் ப்ளக்கை மறந்துவிடுங்கள். என் வண்டியின் பின் டிஃப்ரென்ஷியலில் ட்ரெயினே கிடையாது, இப்படித்தான் செய்கிறேன்.

பட்டறைவாசி:

ஒற்றைக்கியர் சொல்வது சோம்பேறி யோசனை மாதிரித் தெரிந்தாலும் தவறில்லை. ட்ரெயின் ப்ளக் அதுபாட்டுக்குக் கசியாமல் இருந்தால் அதை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். ஆயிலைச் சூடாக்கி, குழாயின் நுனியைத் தரையில் படும்படி விட்டு உறிஞ்சினால் பெரும்பகுதி வந்துவிடும். அடிவண்டல் கொஞ்சம் தங்கும். கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி ஒருமுறை உறிஞ்சினால் அதுவும் குறையும். பின்னால் தகட்டு மூடி உள்ள ஆக்சில் என்றால் மூடியைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்தே எடுக்கலாம்.

ஃபில்லரே திறக்காதவர்களுக்கும் வழி உண்டு. பிரீதரைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஊற்றலாம். கியர்பாக்ஸ் என்றால் ரிவர்ஸ் ஸ்விட்ச் இருக்கும் துளையோ கியர் லிவரின் அடித்தளமோ உதவும். மட்டம் பார்க்க முடியாது என்பதால் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்ற வேண்டும்.

மேட்டுப்பாதை:

அக்கா, ஆலன் பிட் அடிவரை போனது, இருந்தும் சுற்றிவிட்டது. டார்க்ஸும் அடித்தேன், ப்ளக் கொஞ்சம் திரும்பிய மாதிரி இருந்தது, பிறகு பிட் குழியை அகலமாக்கிவிட்டது. ஹவுசிங்கில் காந்தம் ஒட்டுகிறது, வார்ப்பிரும்புதான். துளை போட்டு எக்ஸ்ட்ராக்டர் (துளைக்குள் கவ்விப் ப்ளக்கைத் திருப்பும் கருவி) இறக்கலாமா?

கடைசல்காரி:

எக்ஸ்ட்ராக்டர் கடைசி வழி. அது மிகக் கடினமான எஃகு, வளையாது, உடையும். ப்ளக்குக்குள் உடைந்துவிட்டால் சாதாரண டிரில் அதன் மேல் ஏறாது. துளையிட்ட தூளும் உள்ளே போகும்.

ப்ளக்கின் தலை ஹவுசிங்குக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் உளி. கூரான உளியைத் தலையின் வெளிவட்டத்தில் செங்குத்தாக வைத்து முதலில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். பிறகு அதே பள்ளத்தில் உளியைச் சாய்த்து, கழற்றும் பக்கமாக அடியுங்கள். வட்டத்தின் விளிம்பில் அடி விழுவதால் நடுவில் திருப்புவதைவிட நெம்பு அதிகம், கூடவே அதிர்வும் சேர்கிறது.

அதுவும் முடியாவிட்டால் வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு, தலையின் மேல் பெரிய நட் ஒன்றை வைத்து நடுத்துளை வழியாக ஒட்டச் சொல்லுங்கள். புதிய அறுகோணம் கிடைக்கும், வெல்டிங்கின் சூடு ப்ளக்குக்குள் இறங்கி, ஆறும்போது பிடிப்பைத் தளர்த்தும். எர்த் கிளாம்ப்பை ப்ளக்குக்குப் பக்கத்தில் அதே ஹவுசிங்கில் மாட்டச் சொல்லுங்கள். சேசிஸின் வேறு மூலையில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளைப் பொரித்துவிடும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். வெல்டிங் என்றால் முதலில் ஃபில்லர் வழியாக ஆயிலை உறிஞ்சி, ஃபில்லரைத் திறந்தே வையுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

மேட்டுப்பாதை:

உளியிலேயே முடிந்தது. பள்ளம் வெட்டத்தான் நேரம் ஆனது, சாய்த்து அடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அப்புறம் கையாலேயே திருகினேன்.

இனி டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில் இருப்பது வேறு மாதிரி. தலையே இல்லை, ஹவுசிங்கின் முகத்தோடு சமமாக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் சதுரக் குழி. வாஷரும் தெரியவில்லை.

வெப்பமானி:

அது டேப்பர் மரை (நுனி நோக்கிக் குறுகும் மரை) ப்ளக்காக இருக்கும், குழாய்களில் வருவது போல. என்.பி.டி. என்ற அமெரிக்கக் குழாய் மரை அளவென்றால் 16-க்கு 1 சரிவு, அதாவது 16 மி.மீ. நீளத்தில் விட்டம் 1 மி.மீ. குறையும். மரையே ஆப்பு போல இறுகி அடைப்பதால் வாஷர் கிடையாது. நல்ல செய்தி, டேப்பர் ப்ளக் கால் சுற்று அசைந்தால் அதன் பிறகு பிடிப்பே இருக்காது. கெட்ட செய்தி, திரும்ப மாட்டும்போது 'இன்னும் கொஞ்சம்' என்று இறுக்கினால் அந்த ஆப்பு அலுமினிய ஹவுசிங்கைப் பிளந்துவிடும்.

கடைசல்காரி:

சதுரக் குழியில் ராட்செட்டின் சதுர முனையை நேராகச் செருகலாம், அளவு பெரும்பாலும் 3/8 அல்லது 1/2 அங்குலம். ஆனால் ராட்செட் முனையின் ஓரங்கள் உருண்டும் நுனி சரிந்தும் இருக்கும், பக்கத்தில் பந்து வேறு. இறுகிய ப்ளக்கில் அது மூலைகளைத் தின்றுவிடும். அதற்கென்று விற்கும் சதுர ப்ளக் கீ வாங்குங்கள், அல்லது சதுரக் கம்பியை அளவாக அரத்தில் தேய்த்து ஸ்பானரால் திருப்புங்கள். சிலவற்றில் குழிக்குப் பதில் சதுரத் தலை வெளியே நிற்கும், அதற்கு 8 முனை சாக்கெட்.

வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள், ப்ளக்கைச் சுற்றி ஹீட் கன் காட்டுங்கள், பிறகு சீரான இழுப்பு. இங்கே ஓங்கிய அடியும் இல்லை, நீளப் பைப்பும் இல்லை.

மேட்டுப்பாதை:

சூட்டோடு திருப்பினேன், முனகாமல் வந்துவிட்டது. நான் பயந்ததில்தான் பிரச்சினையே இல்லை. கியர்பாக்ஸும் அப்படியே, அதற்கும் 24 மி.மீ. தலைதான்.

இனி மாட்டுவது. புது வாஷர்கள் வாங்கிவிட்டேன். முன் டிஃப்ரென்ஷியலுக்கு அதே மரையில் வெளி அறுகோணத் தலை உள்ள ப்ளக் கிடைத்தது. மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவலாமா? டெஃப்லான் டேப்?

இரும்புக்கை:

ஆன்ட்டி-சீஸ் தாராளமாகப் பூசுங்கள். அடுத்த தடவை இந்தக் கஷ்டம் வராது.

பட்டறைவாசி:

வாஷர் உள்ள நேர்மரைப் ப்ளக்கில் மரை எப்போதும் ஆயிலில்தான் இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். அங்கே ஆன்ட்டி-சீஸ் வீண். தடவியே ஆக வேண்டும் என்றால் தலையின் வெளி ஓரத்தில், துரு பிடிக்கும் இடத்தில், லேசாக கிரீஸ் தடவுங்கள்.

கடைசல்காரி:

அதோடு, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவு உலர்ந்த மரைக்கு என்றால், வழவழப்பு சேர்ந்ததும் அதே அளவு டார்க்கில் ப்ளக் அதிகமாக இறுகிவிடும். அலுமினியத்தில் மரை உருவிக்கொண்டு வருவது இப்படித்தான். ஆன்ட்டி-சீஸ் போட்டால் டார்க்கைக் குறைக்க வேண்டும்.

அளவுகோலையும் கவனியுங்கள். நியூட்டன் மீட்டரில் எழுதிய எண்ணை அடி-பவுண்ட் என்று நினைத்து வைப்பவர்கள் நிறையப் பேர். 1 அடி-பவுண்ட் கிட்டத்தட்ட 1.36 நியூட்டன் மீட்டர். 40 என்று நினைத்து 54 போட்டுவிடுவீர்கள். அடுத்தவன் பைப் போட்டு இழுப்பதற்குப் பாதிக் காரணம் முந்தையவன் கணக்கில்லாமல் இறுக்கியதுதான்.

டேப்பர் ப்ளக்குக்கு மட்டும் சீலன்ட் வேண்டும். பேஸ்ட் வகையைத் தடவுங்கள், முதல் இரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். டேப் சுற்றினால் பிய்ந்த நார் ஆயிலுக்குள் போய்ச் சேரும். புது வாஷர் கிடைக்காதவர்கள் பழைய செம்பு வாஷரைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும். அலுமினிய வாஷரில் அந்த வித்தை வேண்டாம்.

மேட்டுப்பாதை:

மாட்டி முடித்துவிட்டேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஃபில்லர் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றினேன். டிஃப்ரென்ஷியல்களுக்கு ஜி.எல்-5 தரக் கியர் ஆயில், கியர்பாக்ஸுக்குக் கையேட்டில் சொன்ன ஜி.எல்-4.

ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மூன்று இடம் காய்ந்திருக்கிறது, முன் டிஃப்ரென்ஷியலின் அடியில் மட்டும் ஈரம். ப்ளக்கை இன்னும் இறுக்கலாமா?

பட்டறைவாசி:

டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியிருந்தால் மேற்கொண்டு தொடாதீர்கள். உளி அடித்த இடம் அது. ப்ளக் உட்காரும் முகத்தில் உளி பட்ட கீறல் இருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகம். இன்னொரு சந்தேகம் பிரீதர். சேற்றில் கிடந்த வண்டி, பிரீதர் அடைத்திருந்தால் சூடானதும் உள்ளழுத்தம் ஆயிலைக் கிடைத்த வழியில் தள்ளும், ஆக்சில் சீல் வழியாகக்கூட. முதலில் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, கொஞ்சம் முகப்பவுடர் தூவி, ஓட்டிவிட்டு வந்து ஈரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்.

மேட்டுப்பாதை:

பிரீதர்தான். மூடி சேற்றில் ஒட்டிக் கிடந்தது. கழற்றி ஊதியதும் 'புஸ்' என்று காற்று வந்தது. பவுடர் போட்டுப் பார்த்ததில் ப்ளக் காய்ந்தே இருக்கிறது. ஈரம் மேலே பினியன் சீலிலிருந்து (டிரைவ் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்துச் சீல்) இறங்கியிருக்கிறது, பிரீதரைச் சுத்தம் செய்த பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நாலுகால்:

மற்ற மூன்றின் பிரீதரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸின் பிரீதர் மேலே ஒளிந்திருக்கும், கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.